காந்த ஊசியும் மலைச்சிகரமும்

ஐரோப்பாவிலே செய்யப்பட்ட பழைய திசைகாட்டி ஒன்றைச் சித்தூரிலோ மூணாற்றிலோ வைத்துப் பார்ப்போமாயின், அதன் ஊசி மட்டமாக நில்லாமல் தென்முனை சற்றுத் தாழ்ந்து நிற்கக் காணலாம். கருவி பழுதென்று அதனை ஒதுக்கிவிடுவோரும் உண்டு. பழுது கருவியில் இல்லை. பூமியின் காந்தம் வட நாடுகளில் ஊசியின் வடமுனையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. லண்டனில் இச்சரிவு 60 பாகைக்கு மேல். தில்லியில் 40 பாகைக்கு மேல். அதனை ஈடுசெய்யும் பொருட்டு அந்நாட்டுத் தொழிலாளர் தென்முனையில் சிறு பாரம் ஒன்றைச் சேர்த்து விடுகின்றனர். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பிரதேசங்களிலோ சரிவு பத்துப் பாகைக்கும் குறைவு. எனவே இங்கே அப்பாரம் மிகையாகி விடுகிறது. இன்னும் தெற்கே சென்றால் சரிவு அடியோடு அற்றுப்போகும் ஓர் இடம் வரும். அத்தகைய இடங்களை இணைத்து உலகைச் சுற்றிச் செல்லும் கோட்டிற்குக் காந்த நடுக்கோடு என்று பெயர்.

இக்கோட்டின் அருகே பூகாந்தத்தை ஆராய்வதற்கென்றே தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டவர் ஜான் ஆலன் பிரௌன். இவர் 1817-ல் ஸ்காத்லாந்திலுள்ள டம்ஃப்ரீஸ் என்னும் ஊரிற் பிறந்தார். எடின்பரோ பல்கலைக் கழகத்திற் பயின்று, 1842-ல் மேக்கர்ஸ்டன் என்னுமிடத்திலிருந்த காந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். அங்கே காந்த ஊசி ஏறக்குறைய 70 பாகை சரிந்து நிற்கும். பத்து ஆண்டுகள் கழித்து, 1852-ன் தொடக்கத்தில், ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும் திருவனந்தபுரத்திற்கு அவர் வந்து சேர்ந்தார்.

திருவனந்தபுரம் வான ஆராய்ச்சி நிலையம் 1837-ல், சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் நிறுவப்பட்டது. இன்றைய இடுக்கி மாவட்டத்து மலைகளும் அப்பொழுது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவையே. நிலையத்தின் முதல் தலைவர் கால்டிகாட் 1849-ல் காலமாகிவிட, அந்த இடத்திற்கு வந்தவரே பிரௌன். உள்ளூர் உதவியாளர்களைப் பழக்கி, இரவு பகலாக மணிதோறும் காந்தங்களின் நிலையைக் குறிக்கச் செய்தார். ஊசியின் அன்றாட அசைவு மிகச் சிறிது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காகிய கலைக் கணக்கில் அளக்கப்படுவது. அதனைத் தொலைநோக்கியின் வழியே அளவுகோலை நோக்கியே படிக்க வேண்டும். ஒரு மணிநேரக் குறிப்புத் தவறினால் அதனை ஊகித்து நிரப்புவதற்கு வழியில்லை. களப்பணியாளராகிய நம்மில் எவருக்கும் இக்கஷ்டம் புதிதன்று.

இதனோடு அவர் நிற்கவில்லை. ஊசியை அசைக்கும் காரணம் தரையிலுள்ளதா, உயரே உள்ளதா? சமவெளியில் மட்டும் அளந்து இதனைத் தெளிய முடியாது. ஆகவே திருவனந்தபுரத்திற்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், 6,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அகத்தியமலையின் உச்சியில் 1855-ல் இரண்டாவது நிலையம் ஒன்றை அமைத்தார். தமிழை வளர்த்த முனிவரின் இருப்பிடமென்று நாம் போற்றும் பொதிகைச் சிகரத்தையே தம் அறிக்கையில் அவர் “அகஸ்தியா மல்லி” என்று எழுதுகிறார்! நொய்ந்த கருவிகளை யானைக்காட்டின் ஊடே சுமந்து ஏறி, இரு பருவக்காற்றுகளின் மழையும் மூடுபனியும் விடாது தாக்கும் பாறைமுடியில் ஆட்களை வைத்து அளவு எடுப்பதென்றால் அது எத்தகைய வேலை என்பதை மலைவாசிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை.

இவ்வுழைப்பின் பயன் யாது? திருவனந்தபுரத்துக் குறிப்புகளையும் வெகுதொலைவிலிருந்த பிற நிலையங்களின் குறிப்புகளையும் நாள்வாரியாக ஒப்பிட்ட பிரௌன், பூகாந்தத்தின் கிடைவிசை உலகெங்கும் ஒரே நாட்களிற் குறைந்து ஒரே நாட்களில் ஏறுவதைக் கண்டார். அன்றியும், இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வருவதையும், அது சூரியனின் சுழற்சியோடு தொடர்புடையது என்பதையும் எடுத்துரைத்தார். சூரியனிலிருந்து பூமிக்கு எது வந்து சேருகிறது என்பதை அன்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. 1958-ல் பார்க்கர் என்னும் அறிஞர், சூரியனிலிருந்து மின்னேற்றமுள்ள துகள்கள் ஓயாது காற்றுப்போல் வீசுகின்றன என்று கணித்தார். 1962-ல் வெள்ளியை நோக்கிச் சென்ற மேரினர் 2 விண்கலம் அக்காற்றை நேரில் அளந்தது. அதன் வேகமான தாரைகள் சூரியச் சுழற்சிக்கு ஒருமுறை, அதாவது பூமியிலிருந்து பார்க்க 27 நாட்களுக்கு ஒருமுறை, மீண்டும் வருவதும் தெரிந்தது.

பிரௌனின் நிலைமை வேறாக முடிந்தது. 1865-ல் அவருடைய ஆராய்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. அவர் ஐரோப்பா திரும்பினார். பல்லாண்டுக் குறிப்புகளைச் சுருக்கிக் கணக்கிடும் வேலையிலேயே எஞ்சிய காலம் கழிந்தது. திருவனந்தபுரம், அகத்தியமலை நிலையங்களின் காந்த விலக்க அளவுகளைக் கொண்ட தொகுதி 1874-ல் வெளிவந்தது. 1878-ல் லண்டன் ராயல் சங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தது. மறு ஆண்டே அவர் காலமானார். அளப்பதற்குப் பணம் கிடைத்து, அளந்ததை அச்சிடுவதற்குக் கிடைக்காமற்போவது இத்துறையில் புதிதல்ல என்றே சொல்லத் தோன்றுகிறது.

காந்த நடுக்கோட்டின் சிறப்பை முழுவதும் உணர மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. கோடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் கிடைவிசையின் பகல்நேர ஏற்றம் மும்பையை அடுத்த அலிபாகில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். காரணம், இக்கோட்டிற்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம். அங்கே காந்தப்புலம் கிடையாக இருப்பதால் மின்னோட்டம் மேலுங்கீழும் பரவ வழியின்றி, ஒடுங்கிய பட்டையாகக் குவிந்து வலுப்பெறுகிறது. இதற்கு மின்தாரை என்று பொருள்படும் பெயரை 1951-ல் இட்டவர் சிட்னி சாப்மன். 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து ராக்கெட்டுகள் ஏவத் தொடங்கியதற்கும் இக்கோட்டின் அருகாமையே காரணம்.

இன்று அதே வினாக்களைப் பிற கிரகங்களிடமும் கேட்கிறோம். 1973-ல் பயனீர் 10 விண்கலம் வியாழனின் அருகே சென்று, பூமியினும் பன்மடங்கு வலிய அதன் காந்தத்தை அளந்தது. 1974-ல் மேரினர் 10, சிறிய புதனுக்கும் நலிந்த காந்தம் உண்டெனக் கண்டது. வெள்ளிக்கு அது இல்லை. செவ்வாயின் பாறைகளில் பழங்காலக் காந்தத்தின் எச்சம் மட்டுமே உண்டு. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட நமது ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காந்தமானியுடன் நிறுத்தப்பட்டுள்ளது.

பள்ளியில் இதனைக் காட்ட விரும்பும் ஆசிரியர், காந்தமேற்றப்படாத நீண்ட தையலூசி ஒன்றை நடுவில் நூலால் கட்டி மட்டமாகத் தொங்கவிட்டு, கட்டை மெழுகால் அசையாமற் செய்க. பின்னர் சட்டக் காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்து மீண்டும் தொங்கவிடுக. ஊசி வடக்கு நோக்கித் திரும்பும். ஆனால் சற்றே சரியும். அன்றாட அசைவைக் காண வேண்டுமாயின், நூலில் தொங்கும் சிறு காந்தத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டி, அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியை 3 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் விழச் செய்க. காந்தம் ஒரு கலை திரும்பினால் புள்ளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நகரும். காற்றுப் புகாத பெட்டிக்குள் வைப்பதும், சன்னற் கம்பிகளுக்கும் தகரக் கூரைக்கும் எட்டி வைப்பதும் அவசியம். காலை 7 மணி முதல் மாலை வரை மணிதோறும் குறித்து வரவும்.