ஹுன்னஸ்கிரியவில் இயற்கை வைத்தியம் தொடங்கும் தங்கச்சிக்கு



உடம்புக்குத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் வல்லமை உண்டு, நோயின் காரணத்தைத் தேடி நீக்கு, தீங்கு செய்யாதே, வைத்தியர் ஓர் ஆசிரியர், ஆளை முழுமையாகப் பார், வருமுன் காப்பாற்று. அமெரிக்க இயற்கை மருத்துவர் சங்கம் 1989இல் ஒரேகனில் கூடி இந்த ஆறையும் தன் கொள்கைகளாக ஏற்றது. கருத்துகள் அதைவிட மிகப் பழையவை. நம் சித்த வைத்தியருக்கு இவற்றில் எதுவும் புதிதாக இராது. புதிய வைத்தியசாலை திறப்பவருக்கு இவற்றைச் சட்டம் போட்டு நோயாளியின் கண்ணில் படும்படி மாட்டத்தான் தோன்றும். உங்கள் நாற்காலிக்கு எதிரே மாட்டுங்கள் என்பது என் ஆலோசனை. இவை நோயாளிக்குத் தரும் வாக்குறுதிகள் அல்ல. வைத்தியரைக் கட்டுப்படுத்தும் விதிகள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் இயற்கை வைத்தியம் ஆளைக் கொல்கிறது.

முதல் கொள்கையையே எடுங்கள். உடம்பு தானே ஆறுகிறது என்பது உண்மை. சளி, சாதாரணக் காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் நாம் என்ன கொடுத்தாலும் பெரும்பாலும் ஆறிவிடும். அதனாலேயே, ஆறியது நம் கஷாயத்தாலா, நாள் கடந்ததாலா என்று நமக்குத் தெரியாமல் போகிறது. டெங்கை நினைத்துப் பாருங்கள். 2017இல் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பதிவான நோய் அது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கும். வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள், பப்பாளி இலைச் சாறு வேலை செய்துவிட்டது என்பார்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஆள் மயங்கி விழும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் தொடங்குவது அப்போதுதான். இயற்கையின் ஆற்றலை நம்புகிற வைத்தியர் மற்ற எவரைவிடவும் கூர்ந்து பார்க்கக் கடமைப்பட்டவர். வயிற்று வலி, விடாத வாந்தி, குளிர்ந்த கைகால், குறைந்த சிறுநீர் என்று ஏதாவது ஒன்றைக் கண்டாலும் தெல்தெனிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். இயற்கை வைத்தியத்தில் காந்தியைவிடப் பிடிவாதக்காரர் அரிது. அவரே 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சிக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கத்தி வைக்கச் சம்மதித்தார்.

தீங்கு செய்யாதே என்பதற்கு, இலைதழை கொடுத்தால் தீங்கில்லை என்று பொருள் கொள்வது இன்னொரு குழப்பம். நம் வீட்டுத் தோட்டத்தில் காய்க்கும் காமரங்காவில் ஒக்ஸலேட் மிகுதி. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று அதை வெறும் வயிற்றில் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களை இலங்கை வைத்தியர்களே மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடம்பு மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சிலருக்குப் பின்னர் புற்றுநோயும் வந்தது. ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டலோக்கியா இன வேர் கலந்துவிட்டிருந்தது. பாம்புக்கடிக்குப் பேர்போன நம் ஈச்சுரமூலியும் அதே இனம்தான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கொடுத்தது கெடுக்குமா என்று கேட்பார்கள். மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் பரம்பரை அனுபவம் உடனே தெரியும் கெடுதியைத்தான் நினைவில் வைத்திருக்கும். தின்று வாந்தியெடுத்தால் அந்தச் செடி விஷமென்று ஊரே அறியும். தின்று பத்து வருடம் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால் எந்தப் பாட்டிக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. அதோடு, பழைய வைத்தியர் சுத்தி செய்து, அளவு பார்த்து, இத்தனை நாள் என்று எல்லை வைத்துக் கொடுத்ததைக் கிளாஸ் கிளாஸாக மாதக்கணக்கில் குடிப்பது பரம்பரையே அல்ல. இங்கிலீஷ் மருந்து மட்டும் கெடுக்கவில்லையா என்பது அடுத்த கேள்வி. கெடுக்கிறது. வலிக்குளிகையை வருடக்கணக்கில் விழுங்கினால் அதுவும் சிறுநீரகத்தைத் தின்னும். ஒரே தராசில் இரண்டையும் நிறுங்கள் என்றுதான் சொல்கிறேன். கேகாலையில் 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் சேர்த்த கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்களே, அங்கே தீங்கு பாணியில்கூட இல்லை, அந்தக் கூட்டத்தில் இருந்தது.

காரணத்தை நீக்கு என்ற கொள்கையில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கம், மாத்தளைத் தேயிலைத் தோட்டங்களில், 1916இல் ரொக்பெல்லர் மன்றம் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. லயங்களுக்கு மலசலகூடம் கட்டத் தோட்ட முதலாளிகள் பலர் முன்வரவில்லை. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்கு மறுபடி புழு ஏறியது. அக்காலத்தில் உலகெங்கும் பயன்பட்ட புழு மருந்துகளில் ஒன்று கெனோபோடியம் என்னும் செடியின் எண்ணெய். அளவு தப்பினால் ஆளையே கொல்லும். மருந்து மூலிகையா இரசாயனமா என்பது அங்கே ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. காரணம் மண்ணில் இருந்தது, அதை மாற்றும் அதிகாரம் துரையிடம் இருந்தது. இன்று உங்களிடம் இரத்தச் சோகையோடு வரும் கொழுந்துக்காரிக்கு ஓய்வும் பழச்சாறும் எழுதிக்கொடுப்பது சுலபம். ஓய்வெடுத்தால் கொழுந்து நிறை குறையும், அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்; அந்த வீட்டில் பழம் வாங்கக் காசும் இராது. ஆளை முழுமையாகப் பார்ப்பது என்றால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது. ரொட்டியோடு சாயத் தண்ணி குடிக்கும் பழக்கம் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லலாம். கீரையில் தேசிக்காய் பிழியச் சொல்லலாம். இரண்டுக்கும் செலவில்லை. சோகை கடுமையாக இருந்தால் இரும்புக் குளிகைதான் வழி, அதைத் தடுக்க வேண்டாம். லயத்துக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதம் எழுதுவதும் வைத்தியம்தான்.

இப்படி எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தால் எனக்கென்ன மிஞ்சும் என்று நீங்கள் கேட்கலாம். நிறைய மிஞ்சும். சென்னை இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்தார்கள். நடையும் உணவு மாற்றமும் மட்டும் நோய் வரும் வாய்ப்பை 28.5 வீதம் குறைத்தன; மெட்போமின் 26.4 வீதம். ஆசிரியராக இருப்பதன் பலன் குளிகைக்குக் குறைந்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கிளினிக்கில் இரண்டு நிமிடம் கிடைக்கும் நோயாளிக்கு நீங்கள் அரை மணி நேரம் கொடுக்கலாம். ஆனால் அந்த ஆய்வு இன்னும் நோய் வராதவர்களைப் பற்றியது. வந்துவிட்டவரின் குளிகையை நிறுத்தச் சொல்ல அது உங்களுக்கு உரிமை தரவில்லை. குறைக்க இடமிருந்தால் கிளினிக் வைத்தியரே குறைப்பார். அதனால், வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் கொடுப்பது ஆடாதோடைக் கஷாயமானாலும் சரி, திகதியும் அளவும் போட்டு அதே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதைத் திறக்கும் வைத்தியர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்