குரல் எண்ணாகும் பொழுது

தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் வாய்மொழியாகவே வழங்கி வருபவை. அவற்றைத் தாளில் எழுதினால் சொற்கள் கிடைக்கும். இழுவையும் விம்மலும் மூச்சு வாங்கும் இடமும் கிடைப்பதில்லை. எனவே, நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுப்போருக்கு ஒலிப்பதிவு இன்றியமையாததாகிறது. முன்பு ஒலிநாடாக் கருவி செய்த அப்பணியை இன்று வீட்டுக் கணினியில் உள்ள ஒலி அட்டையே செய்துவிடும்.

காற்றில் அலையாக வரும் குரலை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகிறது. அம்மின்னலையை ஒலி அட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. குறுந்தகட்டுக்குரிய அளவு நொடிக்கு 44,100 முறை. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையை மீட்டெடுக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கும் மேலாக அளக்க வேண்டும். 44,100 என்பதன் காரணம் இப்போது விளங்கும். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் குறித்தால் 65,536 படிநிலைகள் கிடைக்கும்.

மேசைக்கணினிகள் பலவற்றில் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கும், நீலத் துளை மின்னிசைப் பலகை போன்ற கருவிகளுக்கும், பச்சைத் துளை செவிப்பொறிக்கும் உரியவை. ஒலிவாங்கி தரும் மின்னலை மிக நலிவானது. இசைப்பலகை தருவதோ வலியது. இடம் மாற்றிச் செருகினால் முன்னது கேட்காது. பின்னது சிதைந்து ஒலிக்கும்.

பதிவின் உயிர்நிலை ஒலியளவில் இருக்கிறது. மென்பொருளின் அளவுமானியில் 0 டெசிபல் என்பதே உச்சவரம்பு. குரல் அதனைத் தாண்டும்போது அலையின் முகடு வெட்டுண்டு தட்டையாகிறது. வெட்டுண்ட பகுதியை எந்த மென்பொருளாலும் உள்ளவாறே மீட்க இயலாது. மீண்டும் ஒருமுறை பாடச் சொல்லலாமே எனத் தோன்றலாம். ஒப்பாரி பாடும் மூதாட்டியிடம் அவ்வாறு கேட்பது எளிதன்று; கேட்டாலும் அதே பாட்டு வாராது. ஆகவே, முதலில் உச்சக் குரலில் சில அடிகளைப் பாடச் செய்து, அது −12 டெசிபல் அளவில் நிற்குமாறு உள்ளீட்டைக் குறைத்துக்கொள்க. சோதனையின்போது தயங்கிப் பாடுவோர், பாட்டில் ஆழ்ந்தபின் குரலை உயர்த்துவது இயல்பு. அந்த இடைவெளி அப்போது கைகொடுக்கும். அளவை மிகவும் குறைத்துவிட்டால், பின்னர்ப் பெருக்கும்போது இரைச்சலும் உடன் பெருகும். ஒலியளவைத் தானே சரிசெய்யும் வசதி இருப்பின் அதனை நிறுத்திவிடுக. பாட்டின் இடையே வரும் மௌனத்தை அது குறையெனக் கருதி, மின்விசிறியின் ஓசையை உயர்த்திவிடும்.

மின்விசிறியையே நிறுத்திவிடுவது இன்னும் நன்று. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் செவிப்பொறி வழியாகக் கேட்க வேண்டும். இல்லையேல் வெளிவரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியுள் புகுந்து வீறிடும். ஆடாசிட்டி போன்ற கட்டணமில்லா மென்பொருளே இதற்குப் போதும்.

பதிவைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஒற்றைத் தடத்தில் ஒரு நிமிடத்திற்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். பிறருக்கு அனுப்ப எம்பி3 படி ஒன்றைத் தனியே எடுக்கலாம். பாடுபவர் இசைந்தால், பாட்டுக்கு முன் அவர் பெயரையும் ஊரையும், அப்பாடலை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்க.