சீசர் சாலட்: பச்சை முட்டை சேராத செய்முறை

வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்குப் பண்ணைப்புரம் வந்து, நோயுற்றுத் தேறிவரும் பெற்றோருக்குச் சீசர் சாலட் செய்து தரலாமா என்று எம்மிடம் கேட்பதுண்டு. தரலாம். ஆனால் அதில் முதலில் கவனிக்க வேண்டியது இலையை அன்று, இலையின்மேல் ஊற்றும் கலவையை.

இவ்வுணவுக்கும் ரோமாபுரிச் சீசருக்கும் தொடர்பில்லை. இத்தாலியில் பிறந்த சீசர் கார்டினி என்னும் உணவக உரிமையாளர், 1924-இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் இதனை உருவாக்கினார் என்பர். லெட்டூஸ் இலை, பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு ஒரு நிமிடமே வெந்நீரில் இட்ட முட்டையும் அதில் சேரும். வூஸ்டர் சாஸும் உண்டு. நமது புளியும் நெத்திலி இனத்து மீனும் அந்தச் சாஸில் இருக்கின்றன என்பது பலரும் அறியாத செய்தி.

இடர் அந்த வேகாத முட்டையில்தான் உள்ளது. ஓடு உடையாத முட்டைக்குள்ளும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதனைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க இயலாது. நலமுள்ளோர் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு தப்புவர். முதியோர், கருவுற்றோர், குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு அது இரத்தம் வரை பரவி உயிருக்கே ஊறு செய்யலாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததும் இதனாலேயே.

வீட்டில் இருவருக்குச் செய்ய, ஒரு முட்டையைக் கொதிநீரில் 12 நிமிடம் வேகவிடுக. மஞ்சள் கரு முழுதும் இறுகியிருக்க வேண்டும். அதனை மசித்து, நீர் வடித்த தயிர் 3 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், அரை எலுமிச்சையின் சாறு, எண்ணெய் 2 தேக்கரண்டி, சிறிது மிளகுத்தூள் சேர்த்து நன்கு கலக்குக. நல்லெண்ணெயைவிடக் கடலை எண்ணெய் இதற்கு இசைவாக உள்ளது என்பது எம் கருத்து. பாலாடைக்கட்டியும் கருவாடும் உப்பு மிகுந்தவை. இரத்த அழுத்தம் உள்ளோர் தவிர்க்கவும்.

லெட்டூஸ் மலைப்பகுதிப் பயிர். கிடைக்காவிடில் இளம் முட்டைக்கோஸும் வெள்ளரியும் போதும். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் குடிநீரில் கழுவித் தூய துணியால் ஈரம் ஒற்றுக. ஈர இலையில் கலவை ஒட்டாது. வெந்த வெள்ளைக்கருவை நறுக்கியிடுக. தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வாட்டிய ரொட்டித் துண்டுகளைப் பரிமாறும்போது தூவுக.

கீமோதெரபி பெறுவோரும் உறுப்புமாற்றுச் சிகிச்சை பெற்றோரும் பச்சை இலை, தயிர் இரண்டையும் பற்றி மருத்துவரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். அதுவரை கோஸையும் கேரட்டையும் பூண்டு, மிளகுடன் ஆவியில் வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து உண்ணலாம். வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் கீரையை விலக்க வேண்டியதில்லை. எனினும் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் செயலைக் குறைப்பதால், உண்ணும் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியத்தின் பொருட்டுத் தம் உணவியலாளர் வகுத்த அளவை மீறலாகாது.

கலவையை அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்க. கோடை வெயிலில் ஒரு மணி நேரத்திற்குமேல் வெளியே இருந்ததை, வீணாகிறதே என்று வீட்டிலுள்ள பெண்கள் உண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதையும் கொட்டிவிடுக.