டெத் றாலியும் படியெடுத்தலின் அறமும்

ஓலைச் சுவடிகளைப் படியெடுத்தோர் இலராயின் பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு எட்டியிரா. ஆங்குப் போற்றப்படும் படியெடுத்தல், கணினி நிரலிற் குற்றமாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாணும் பொருட்டு, 1996ஆம் ஆண்டில் வெளிவந்த பின்லாந்து நாட்டு மோட்டார்ப் பந்தய விளையாட்டாகிய ‘டெத் றாலி’யின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1980களில் ஐரோப்பிய இளைஞர் பலர் கொமடோர் 64 முதலிய வீட்டுக் கணினிகளில் விளையாடி மகிழ்ந்தனர். களவைத் தடுக்க விரும்பிய வெளியீட்டாளர் தம் நிரல்களுக்குப் பூட்டிட்டனர். சில நிரல்கள், உடன்வந்த கைந்நூலின் இன்ன பக்கத்து இன்ன சொல் யாதென வினவி, விடை பிழைப்பின் இயங்க மறுத்தன. பூட்டை உடைத்த இளைஞரோ, தம் குழுவின் பெயரை ஒளிரும் எழுத்தாலும் இசையாலும் முகப்பிற் பொறித்து, அப்பிரதிகளை நாடெங்கும் பரப்பினர்.

அம்முகப்புக்கள் நாளடைவில் விளையாட்டை விட்டுப் பிரிந்து, ‘டெமோ’ என்னும் தனிக்கலையாக வளர்ந்தன. பின்லாந்தின் ‘பியூச்சர் குறூ’ என்னுங் குழு இயற்றிய ‘செக்கன்ட் றியாலிற்றி’, 1993இல் அசெம்பிளி விழாவில் முதலிடம் பெற்றது. அக்குழுவினர் சிலர் 1995இல் ‘றெமெடி’ நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் முதல் ஆக்கமே டெத் றாலி. மேலிருந்து நோக்குமாறு அமைந்த பாதையில், துப்பாக்கி பூட்டிய கார்கள் ஒன்றையொன்று தாக்கி ஓடும். வென்றவர் பரிசுப் பணத்தாற் பழுது நீக்கி, மேலான வண்டியும் வாங்கலாம்.

இவ்விளையாட்டை வெளியிட்ட அமெரிக்க நிறுவனமாகிய அப்போஜி, அதன் ஒரு பகுதியை எவரும் படியெடுத்துப் பிறர்க்கு வழங்க இசைவளித்தது. சுவை கண்டோர் எஞ்சியதை விலைகொடுத்துப் பெற்றனர். 2009இல் றெமெடி முழு விளையாட்டையும் இலவசமாகவே வழங்கியது. 2020இல் பின்லாந்து, டெமோக் கலையைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

படியெடுப்பதால் மூலம் குறைவதில்லையே எனச் சிலர் வினவுவர். மூலம் குறையாதென்பது உண்மையே. ஆனால் ஆக்கியோன் தன் உழைப்பால் வாழ்ந்து, அடுத்ததை ஆக்கும் வாய்ப்புக் குறையும். பூட்டை உடைத்தோரின் அறிவுத்திறனை நாம் வியக்கலாம். அவர் செயலை அதனால் அறமெனக் கொள்ளல் தகாது. அத்திறன் தனக்கென ஒன்றை ஆக்கத் தலைப்பட்டபோதே உலகம் அதனைக் கலையென ஏற்றது. படியெடுத்தல் என்னும் தொழில் ஒன்றே. அதனைக் கொடையாக்குவது ஆக்கியோனின் இசைவு, களவாக்குவது அவ்விசைவின்மை. கணினி பயிலும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.