நன்கொடை நின்றால் நிறுவனம் நிற்குமா?

கேள்வி: ஊரார் சேர்ந்து நடத்தும் சமூக நிறுவனங்கள் எதை நம்பிக் காலம் தள்ளுகின்றன? (வாசகர், அச்சன்புதூர்)

பதில்: மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டியே கஜானா கரைந்தது. தலைவராக இருந்த சண்முகம், முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். பிறகு 2006-இல் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில், ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை எழுந்தது.

செலவு சுமார் 1.55 கோடி ரூபாய். சேமிப்பு 40 லட்சம் போக மீதி வங்கிக் கடன். ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்தில்தான் கடன் தவணை அடைந்தது. இதில் கவனிக்க வேண்டியது காற்றாலையை அல்ல, சேமிப்பை. கைமுதல் இல்லாமல் போயிருந்தால் எந்த வங்கியும் எட்டிப் பார்த்திருக்காது.

ஆனால் இப்படிச் சொந்த வருமானத்தில் நிற்பது எல்லாச் சேவைக்கும் பொருந்தாது. உங்களுக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981-இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கானது. சிகிச்சைக்கு வரும் ஏழைக் குழந்தையிடம் விலை கேட்க முடியுமா? அங்கே கொடையாளர்களின் ஆதரவு தவிர்க்க முடியாதது. எனவே தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: பணம் கொடுக்கப் போவது பயனாளியா, வெளியாரா?