வேனா, வீட்டுப் பட்டறையா, வாடகைக் கடையா?

பிரிட்டனில் சைக்கிள் கடைகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் பலருக்கும் ஒரு கட்டத்தில் தனியாகத் தொழில் தொடங்கும் ஆசை வருகிறது. மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் கூடும் ஊர்களில் அதற்கு இடமும் இருக்கிறது. வேல்ஸில் மெர்தர் டிட்ஃபிலுக்கு அருகே 2013இல் பைக்பார்க் வேல்ஸ் திறந்தது. அங்கே சைக்கிள்களை டிரெய்லரில் ஏற்றி மலைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். நாள் முழுக்க இறக்கத்திலேயே ஓட்டலாம். மழைநாளில் அப்படி ஓட்டினால் பிரேக் பேட் எந்த வேகத்தில் கரையும் என்பதை ஓட்டியவர்களே சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் பீபிள்ஸ், இன்னர்லீதன் பக்கத்துக் காட்டுப் பாதைகளிலும் இதே கதைதான்.

வேன், வீட்டுப் பட்டறை, வாடகைக் கடை என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எதில் முதலீடு குறைவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் கையில் ஸ்பேனர் இருக்கும் என்று கேட்பதே முக்கியம் என்பேன். தனியாள் மெக்கானிக்குக்கு விற்பதற்கு இருப்பது அந்த நேரம் மட்டும்தான்.

அந்தக் கணக்கில் வேன் சறுக்குகிறது. கடை வாடகை இல்லை, வாடிக்கையாளரின் வாசலுக்கே போகிறோம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இருபது மைல் ஓட்டும் நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். கியர் சரிசெய்வது, செயின் மாற்றுவது, சக்கரத்தின் கோட்டம் எடுப்பது வரை வேனில் நன்றாகச் செய்யலாம். பாட்டம் பிராக்கெட் என்று வந்தால் பிஎஃப்92, டி47, பழைய மரை வகை என ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி உதிரிபாகம் வேண்டும். அத்தனையையும் வேனில் சுமக்க முடியாது. பைக் பாதைகளின் கார் நிறுத்தத்தில் வேனைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அங்கே தொழில் செய்ய நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் காடுகளில் பல அரசுக்குச் சொந்தமானவை.

வீட்டு கராஜைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மவுண்டன் பைக்கில் திரும்பத் திரும்ப வரும் நல்ல வேலை சஸ்பென்ஷன் சர்வீஸ்தான், அதற்கு ஏற்ற இடமும் கராஜ்தான். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்கிறது. வாரக் கடைசியில் தவறாமல் மலையேறும் ஒருவருக்கு 50 மணி நேரம் சில மாதங்களிலேயே ஓடிவிடும்.

வேலை இப்படிப் போகும். முதலில் ஃபோர்க்கின் காற்றை முழுக்க இறக்க வேண்டும். அடியில் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் தட்டினால் கீழ்க்கால்கள் கழன்று வரும். உள்ளே இருக்கும் எண்ணெய் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், சேற்று வாடையோடு வடியும். டஸ்ட் சீலை நெம்பி எடுத்து, உள்வட்டத்தைத் துடைத்து, ஃபோம் வளையத்தை எண்ணெயில் ஊறவைத்து, புது சீலைக் கோணாமல் இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் எத்தனை மில்லி எண்ணெய் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சிரிஞ்சில் அளந்துதான் விட வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் விலை உயர்ந்த குழாயின் மேல்பூச்சில் கோடு விழும். காற்றில் புழுதி பறக்கும் கார் நிறுத்தத்தில் செய்கிற வேலை இல்லை இது.

பிரேக்குக்கும் மேசை ஒழுங்கு வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் 5.1 என்றாலும், அதே நிறுவனத்தின் மேவன் பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். ஒன்றை மற்றொன்றில் விட்டால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டு பிரேக்கே போய்விடும். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு, தனித்தனி துணி, தனித்தனி அலமாரி வைத்துக்கொள்ளுங்கள். இதில் சமரசமே கூடாது. இறக்கத்தில் அந்த லீவரை நம்பி இருப்பது ஓர் உயிர்.

கராஜுக்கும் சிக்கல்கள் உண்டு. வீட்டுக் காப்பீடு வாடிக்கையாளரின் பைக்கை ஏற்காது. பொதுப் பொறுப்புக் காப்பீடு மட்டும் எடுத்தாலும் போதாமல் போகலாம், உங்கள் பொறுப்பில் இருக்கும் பொருளைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. ஐயாயிரம் பவுண்டு பைக் ஒன்று இரவில் திருட்டுப் போனால் யார் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, வீட்டுக் குப்பையோடு சேர்க்கவும் கூடாது.

கடைக்கு வாடகையும் வணிகக் கட்டட வரியும் மாதம் தவறாமல் வரும். சிறு கடைகளுக்கு வரிச் சலுகை இருந்தாலும், வேல்ஸில் ஒரு விதம், ஸ்காட்லாந்தில் ஒரு விதம் என்பதால் இடம் பார்க்கும்போதே விசாரித்துவிடுங்கள். பஞ்சருக்கு உள்ளே வருபவர் ஒவ்வொருவரும் உங்கள் கை வேலையை நிறுத்துவார். உதிரிபாக விற்பனையில் வாடகையை ஈட்டிவிடலாம் என்று எண்ணுபவர்கள், இணைய விற்பனையில் கொடிகட்டிப் பறந்த விகிளும் செயின் ரியாக்‌ஷனும் 2023இல் திவால் நடவடிக்கைக்குள் விழுந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைக்கு ஒரு பலம் இருக்கிறது, அது மின்சார மவுண்டன் பைக். பெரும்பாலும் இருபது கிலோவைத் தாண்டும் அதைத் தினம் ஸ்டாண்டில் தூக்கினால் முதுகு போய்விடும் என்பதால் மின் லிஃப்ட் ஸ்டாண்ட் அவசியம். பாஷ் மோட்டாரின் பழுதறியும் மென்பொருளோ பதிவுபெற்ற டீலர்களுக்குத்தான் கிடைக்கும்.

எந்த வழியில் போனாலும், வரி ஆண்டில் இந்தத் தொழிலின் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் சுயதொழில் செய்பவராகப் பதிய வேண்டும். ஏப்ரல் 5இல் ஆண்டு முடிந்த பின் வரும் அக்டோபர் 5தான் கடைசி நாள். பழுதுபார்க்கச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் சைக்கிள் மெக்கானிக்குகளுக்கான சைடெக் பயிற்சி முடித்தவரைக் காப்பீட்டு நிறுவனமும் மொத்த வியாபாரியும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால், இப்போதைய வேலையில் வாரம் இரண்டு மூன்று நாளை வைத்துக்கொண்டு கராஜில் சஸ்பென்ஷன் வேலையைத் தொடங்கச் சொல்வேன். பைக் வாடகைக்கு விடும் நிறுவனம் பக்கத்தில் இருந்தால் அவர்களுடைய பைக்குகளின் மாதாந்திரப் பராமரிப்பைக் கேட்டு வாங்குங்கள், மந்தமான மாதங்களில் அது கைகொடுக்கும். வேனைப் பட்டறை ஆக்காமல், வாரம் ஒரு மாலை பைக்குகளை எடுத்துவரவும் திருப்பிக் கொடுக்கவும் பயன்படுத்தலாம். கடை பார்க்கும் பேச்சை, பிப்ரவரி மாதத்திலும் மூன்று வாரத்துக்கு முன்பதிவு நிரம்பியிருக்கும் நிலை வந்த பிறகு எடுத்தால் போதும்.