பாலடைக்கட்டியை அழுத்தும் முறை

கொச்சி 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசம் இருந்தது. அவர்களுடைய கப்பல்களில் நெடும்பயண உணவாகப் பாலடைக்கட்டியும் இருந்தது. அது நெடுநாள் கெடாதிருந்தமைக்கு நீர்க்குறைவு, உப்பு, பிளவற்ற மேற்றோல் ஆகிய மூன்றும் காரணங்களாகும். இவற்றுள் மேற்றோல் அழுத்தும்போதே உருவாகிறது.

மட்டாஞ்சேரி போன்ற காயலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. பாலடைக்கட்டியில் மடிப்போ வெடிப்போ இருப்பின் ஈரம் அங்கே தங்கும்; பூஞ்சணம் வேரூன்றி உட்புறம் பரவும். ஏறக்குறைய 10 லிட்டர் பாலிலிருந்து கிடைத்த 1 கிலோ கட்டி இவ்வாறு வீணாகிவிடும். ஆகவே வழவழப்பு வெறும் அழகு அன்று, பாதுகாப்பாகும்.

உறைந்த பாலை வெட்டிக் கிளறித் தெளிநீரை வடித்தபின் எஞ்சுவது திரள் எனப்படும். திரளின் துகள்கள் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் நன்கு ஒட்டும். குளிர்நாடுகளில் அச்சையும் வெந்நீரால் சூடாக்குவர். மட்டாஞ்சேரியின் வெப்பநிலையில் அது பெரும்பாலும் தேவையில்லை. எனினும் வெப்பம் மிகுந்தால் கொழுப்பு கசிந்து துகள்கள் ஒட்டுவதைத் தடுக்கும். புளிப்பு ஏறித் திரள் உதிரும். எனவே வடித்தவுடன் அழுத்தத் தொடங்கி, அச்சைக் குளிர்ந்த அறையில் வைத்தல் வேண்டும்.

துணியைத் தெளிநீரில் நனைத்து, அச்சினுள் மடிப்பின்றி விரிக்க வேண்டும். 15 செ.மீ. விட்டமுள்ள அச்சுக்கு முதலில் 2 கிலோ எடையை 15 நிமிடம் வைக்கலாம். பின்னர்க் கட்டியைத் திருப்பி, துணியை மீண்டும் இழுத்து விரித்து, 5 கிலோவை அரைமணி நேரம் வைக்கலாம். மறுபடியும் திருப்பி, 10 கிலோவை இரவு முழுவதும் வைக்கலாம். தொடக்கத்திலேயே பெரும் எடையை ஏற்றினால் மேற்புறம் மூடிக்கொள்ளும். தெளிநீர் உள்ளே சிறைப்படும். இறுதியில் துணியை நீக்கிச் சிறிது நேரம் அழுத்தினால் நெசவின் தழும்பு மறையும்.

எடையை மட்டும் கருதுதல் போதாது, பரப்பையும் கருதவேண்டும். 10 கிலோ எடை 15 செ.மீ. அச்சில் சதுர செ.மீ.க்குச் சுமார் 57 கிராம் அழுத்தம் தரும், 10 செ.மீ. அச்சிலோ சுமார் 127 கிராம் தரும்.

ஆசிரியர்கள் ஒரே திரளை இரண்டு அச்சுகளில் இட்டு, ஒன்றில் எடையைப் படிப்படியாகவும் மற்றொன்றில் ஒரே முறையாகவும் ஏற்றுவிக்கலாம். மறுநாள் இரண்டையும் குறுக்கே வெட்டிக் காட்டினால் மாணவர்க்கு வேற்றுமை எளிதில் விளங்கும்.